தண்ணீர் பொய் சொல்லாது

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் அந்த மாடிப்படி நிறைந்துவிடும். கீழ்ப்படியில் செருப்புகள் குவிந்திருக்கும். மேல்படியில் வெறுங்கால்கள் வரிசையாக நிற்கும். போன வருடம்வரை அந்த மாடியில் ஆயத்த ஆடைக் கடை இருந்தது. கடை நொடித்துப் போனது. இப்போது அங்கே நஞ்சு நீக்கும் நிலையம் நடக்கிறது. நொடிக்கிற தொழிலா அது?

நிலையத்தை நடத்தியவர் தன்னை நீரறிஞர் என்று அழைத்துக்கொண்டார். ஜனங்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது, தண்ணி டாக்டர் என்றே சொன்னார்கள். இதற்கு முன் குளியலறைக் குழாய் விற்றுக்கொண்டிருந்தவர். ஆக, தண்ணீரோடு அவருக்குப் பழக்கம் உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது.

வைத்தியம் மிகவும் எளிது. ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர். அதில் இரண்டு கரண்டி உப்பு. அதற்குள் ஈர்ப்பான் என்று பெயர் வைத்த ஒரு உலோகச் சுருள். அதிலிருந்து ஒரு வயர், விளக்குகள் மின்னும் பெட்டிக்குப் போகும். தொட்டியில் காலை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால், தெளிந்த தண்ணீர் முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் சாக்கடையாகும். அத்தனையும் உள்ளங்கால் வழியாக இறங்கிய நஞ்சு. சுவரில் வண்ண அட்டவணை தொங்கியது. பழுப்பு என்றால் கல்லீரல். கறுப்புத் துகள் என்றால் ரத்தம். பச்சை மிதந்தால் மூளை.

எல்லா நோயாளிகளையும் அவர் வரவேற்றார் என்றாலும், மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மேல் அவருக்குத் தனி அன்பு. காரணம் இருந்தது. அவர்களுக்கு உண்மையிலேயே உடம்பு பெருத்திருந்தது, தூக்கம் அழுத்தியது. வெளியே சொல்ல வெட்கம். ஏமாந்தாலும் சத்தம் போட மாட்டார்கள். போட்டாலும் பைத்தியம் கத்துகிறது என்று ஊர் சொல்லிவிடும். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

அவருடைய பெருமை இன்னொன்று. நோயாளியின் முகத்தையே அவர் பார்க்க மாட்டார். கூடத்தில் வரிசையாக ஐந்து நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு திரை. ஆள் திரைக்குப் பின்னால். கால் மட்டும் திரைக்கு இந்தப் பக்கம், தொட்டிக்குள். நஞ்சுக்கு வெளிச்சம் ஆகாது என்று முழங்காலிலிருந்து தொட்டிவரை ஒரு துண்டு போர்த்தியிருக்கும். அரை மணி கழித்து அவர் வருவார், துண்டின் நுனியைத் தூக்குவார், தண்ணீரைப் பார்த்துச் சொல்வார்.

"முகம் பொய் சொல்லும். தண்ணி பொய் சொல்லாது."

கூட்டம் தலையாட்டும். நுணலும் தன் வாயால் கெடும் என்ற பழமொழியை அங்கே யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஐந்தாவது முறைதான் உச்சம். அன்று நோயாளி தன் மாத்திரைகளையெல்லாம் அந்தச் சாக்கடைத் தண்ணீரில் கொட்ட வேண்டும். கூட்டம் கைதட்டும். போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டுவார்கள்.

இந்த ஞாயிறு கொட்ட வேண்டியவன் முலாம்காரன்.

முலாம் பூசும் பட்டறையில் பதினோரு வருட வேலை. குழாய்ப் பிடி, கதவுக் கொண்டி, சைக்கிள் மணி என்று இரும்பைக் கொண்டுவந்து கொடுத்தால் அமிலத் தொட்டி, உப்புத் தொட்டி, நிக்கல் தொட்டி என்று முக்கியெடுத்து முகம் பார்க்கும்படி செய்து தருவான். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் பட்டறையின் மின்பெட்டி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. மறுநாள் திட்டியது. அடுத்த வாரம், கூட வேலை செய்கிறவர்கள் குடிதண்ணீரில் அமிலம் கலக்கிறார்கள் என்று துப்புக் கொடுத்தது. அவன் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினான். மனைவிதான் அழுது, கெஞ்சி, ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

மாத்திரை கொடுத்தார்கள். சில வாரத்தில் மின்பெட்டி பெயர் சொல்வதை விட்டுவிட்டு, எல்லா மின்பெட்டியும் போல வெறுமனே முனகியது. அந்த முனகலைக் கேட்டு அவன் நின்ற இடத்திலேயே அழுதான்.

அது எப்படி நடந்தது என்று விளக்கியவள் மருந்து கொடுக்கிற நர்ஸம்மா.

"மூளையில டோபமைன்னு ஒரு ரசாயனம் இருக்கு. இது முக்கியம், இதைக் கவனின்னு சொல்றது அது செய்யற வேலைல ஒண்ணு. அது அளவுக்கு மேல கத்துனா, பெட்டி முனகறதுகூட உங்களைக் கூப்பிடற மாதிரி இருக்கும். அந்த ரசாயனம் வந்து உக்கார்றதுக்கு இருக்கைங்க இருக்கு. மாத்திரை முந்திப் போய் அதுல பாதிக்கு மேல உக்காந்துக்கும். சத்தம் அடங்கும்."

"அப்ப எனக்கு ஏன் இப்படிப் பசிக்குது? சாப்பிட்டு எழுந்தவுடனே திரும்பப் பசிக்குது."

"பழைய மாத்திரைங்க அழுத்தி உக்காந்துடும். கை நடுங்கும், உடம்பு விறைச்சுக்கும். உங்களது புதுசு. கொஞ்சம் இளக்கமா உக்காரும், செரடோனின்னு இன்னொண்ணோட இருக்கையிலயும் உக்காரும். அதனால விறைப்பு கம்மி. ஆனா போற வழியில தூக்கத்தோட இருக்கை, பசியோட இருக்கை எதையும் விடறதில்ல."

"எழுந்திரிக்கச் சொல்ல முடியாதா?"

அவள் சிரித்தாள். "வேற மாத்திரைக்கு மாத்தலாம். அளவு குறைக்கலாம். எடை, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் அப்பப்ப பாக்கணும். டாக்டர்கிட்ட விட்டுடாம கேளுங்க. நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. இன்னொண்ணு. மனசுல ஒரு சந்தேகம் வந்தா அதை அப்படியே நம்பவும் வேணாம், நோயின்னு தூக்கிப் போடவும் வேணாம். சோதிச்சுப் பாக்க வழி இருக்கான்னு பாருங்க."

டாக்டரிடம் கேட்டான். அந்த மகானுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் கணக்கு. "எடையா? நடங்க," என்றார். கதவுவரை நடந்ததும் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

பதினான்கு கிலோ ஏறியது. காலையில் எழுப்புவதற்கு மனைவி தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. பட்டறையில் நின்றபடியே கண் சொக்கியதைப் பார்த்த முதலாளி, அமிலத் தொட்டிப் பக்கம் வராதே என்று சொல்லி, பொட்டலம் கட்டுகிற மூலையில் உட்கார வைத்தார். கைதேர்ந்த ஆள் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தான். மனைவியோடு ஒட்டாமல் ஓரமாகப் படுத்துத் தூங்கினான். அவளுக்கு அது ஆற்றாமையாக இருந்தது. புருஷன் திரும்பி வந்தான், ஆனால் பாதிதான் வந்தான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்படிச் சொன்ன இடத்தில்தான் யாரோ தண்ணி டாக்டரைப் பற்றிச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு நிமிடம் கொடுத்தார். தண்ணி டாக்டர் முதல் நாளே முக்கால் மணி நேரம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். ஐயா, அந்தத் தொழில் ரகசியத்தை மட்டும் ஆஸ்பத்திரிக்காரர்கள் கற்றுக்கொண்டால் இவர் மறுபடியும் குழாய் விற்கப் போயிருப்பார்.

முதல் நாள் துண்டை விலக்கிக் காட்டியபோது முலாம்காரன் தண்ணீரைப் பார்க்கவில்லை, மோந்தான். பதினோரு வருடமாக மூக்குக்குத் தெரிந்த வாசனை.

"இது துரு," என்றான் மனைவியிடம். "உப்புத் தண்ணியில இரும்பைப் போட்டு கரண்ட் விட்டா இப்படித்தான் ஆகும்."

அவள் முகம் வெளுத்தது. "ஆரம்பிச்சுட்டீங்களா? தண்ணியில என்னமோ கலக்கறாங்கன்னு அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்க."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணி டாக்டர் கனிவாகச் சொன்னார். "விடுங்கம்மா. சந்தேகம்தான் இந்த நோயோட வேரு. அஞ்சாவது தடவையில அதுவும் இறங்கிடும்."

முலாம்காரன் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. அன்றைக்கும் தண்ணீரில்தான் சந்தேகம். இன்றைக்கும் தண்ணீரில்தான் சந்தேகம். அறுபது பேர் நஞ்சைப் பார்க்கிறார்கள், நான் ஒருவன் மட்டும் துருவைப் பார்க்கிறேன். அப்படியானால் நோய் யாருக்கு? இந்தக் கேள்வி அந்த அறுபது பேரில் ஒருவருக்கும் வரவில்லை. அவர்களுக்கு என்ன, அவர்கள் நல்ல புத்தியோடு இருப்பவர்கள்.

நான்கு ஞாயிறு போனது. மாத்திரையை மட்டும் அவன் விடவில்லை. ஐந்தாவது ஞாயிறு, இருந்த அட்டைகளையெல்லாம் மனைவி கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அன்று காலைக்கு உரியதை மட்டும் அவன் முன்கூட்டியே விழுங்கியிருந்தான்.

அன்று கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த ஒரு அம்மா மூன்று வாரத்துக்கு முன்புதான் மாத்திரையைக் கொட்டிக் கைதட்டு வாங்கியிருந்தாள். சுவரில் அவள் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. இன்று நன்றி சொல்ல மேடையேற வேண்டியவள் வரவில்லை. அவள் கணவன் மட்டும் வந்தான், சட்டைப் பொத்தான் மாறிப் போட்டபடி.

"நாலு நாளா தூங்கலைங்க. சமையலறைக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கா. என்னை யாருன்னு கேக்கறா."

"நல்ல அறிகுறி," என்றார் தண்ணி டாக்டர். "அடிமண்டி நஞ்சு கிளம்புதுன்னு அர்த்தம். இன்னும் பத்து தடவை கூட்டிட்டு வாங்க."

கூட்டம் நிம்மதியாக மூச்சுவிட்டது. முலாம்காரனின் மனைவி மூச்சுவிடவில்லை. கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் பட்டறை வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. முலாம் திட்டுத்திட்டாக வந்தால் வாடிக்கைக்காரர் கொடுத்தனுப்பிய பொருளைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். இரும்பு மட்டம், எண்ணெய்ப் பிசுக்கு என்பார்கள். தலைமைத் தொழிலாளி மட்டும் ஒன்றும் பேச மாட்டார். நல்ல பொருளையெல்லாம் எடுத்துவிட்டு, உதவாத தகடு ஒன்றைத் தொங்கவிட்டுத் தொட்டியை ஓட்டுவார். தகட்டிலும் திட்டு வந்தால் குற்றம் தொட்டியுடையது. சோதிக்க வழி இருக்கிறதா என்று நர்ஸம்மா கேட்டாளே, இருக்கிறது. உதவாத தகடுதான் வேண்டும்.

அது திரைகளுக்குப் பின்னால், நடைவழியிலேயே உட்கார்ந்திருந்தது. முன்பு அங்கிருந்த ஆடைக் கடைக்காரர் விட்டுப்போன பொம்மை. நாற்காலியில் உட்காருகிற தோரணையில் செய்த, மூக்கு உடைந்த, மொட்டைத் தலைப் பெண் பொம்மை. அதன் மடியில்தான் எல்லோரும் பை வைப்பார்கள். கையில் யாருடையதோ குடை தொங்கியது. கிளார்க்கம்மாவுக்கு என்று வைத்த மூன்றாவது நாற்காலி காலியாக இருந்தது.

அவன் பைகளை எடுத்துக் கீழே வைத்தான். பொம்மையின் அக்குளில் கை கொடுத்தான். திரும்பினால் மனைவி நிற்கிறாள்.

"என்னங்க பண்றீங்க?"

"எனக்கு மறுபடியும் நோய் வந்திருக்கலாம்," என்றான் மெதுவாக. "எனக்கே தெரியல. அதான் பாக்கணும். பொம்மை காலுல தண்ணி தெளிவா இருந்துச்சுன்னா நானே என் கையால மாத்திரையைக் கொட்டறேன். நீ சொல்றதைக் கேக்கறேன். கலங்குச்சுன்னா நீ நான் சொல்றதைக் கேளு."

அவள் அவனையே பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன் அவன் கத்தியபோது ஒரு தடவைகூட "எனக்கே தெரியல" என்று சொன்னதில்லை. அப்போது எல்லாம் அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பொம்மையின் இரண்டு கால்களையும் பிடித்துத் தூக்கினாள்.

பொம்மை மூன்றாவது நாற்காலியில் அமர்ந்தது. கால்களைத் திரைக்கு அடியில் தள்ளித் தொட்டியில் இறக்கி, துண்டைப் போர்த்தினார்கள். அவன் பக்கத்திலிருந்த இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து தன் காலையும் தொட்டியில் இறக்கினான். வெள்ளைக் கோட்டு அம்மா வந்தாள். அவள் தண்ணி டாக்டரின் மச்சினி. ஐந்து தொட்டியிலும் உப்பைக் கொட்டினாள், ஐந்து பெட்டியிலும் சுவிட்சைத் தட்டினாள், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். கால் யாருடையது என்று பார்ப்பது அவள் வேலையில் சேர்த்தி இல்லை.

அரை மணி கழித்து நீரறிஞர் எழுந்தருளினார். முதல் தொட்டியில் கல்லீரல் கண்டார். இரண்டாவது முலாம்காரன். "அருமை. வேரோட இறங்கிட்டுது. இன்னிக்கே மாத்திரைக்கு முழுக்குப் போட்டுடலாம்," என்றார். மூன்றாவது துண்டின் நுனியைத் தூக்கியவர் திடுக்கிட்டதுபோல் ஒரு அடி பின்வாங்கினார்.

"அடடா. ஆறு வருஷ நஞ்சு. இந்தப் பச்சையைப் பாருங்க. மூளை மாத்திரை. பொம்பளை உடம்பு. ராத்திரியெல்லாம் தூக்கமே கிடையாது. யார்கிட்டயும் மனசு விட்டுப் பேச மாட்டாங்க, எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்குவாங்க. குடும்பத்துல எல்லா பாரத்தையும் இவங்க மேலதான் ஏத்தறாங்க. சரிதானம்மா?"

பதில் இல்லை.

"பாத்தீங்களா, பேச்சே வரல. நெஞ்சு அடைச்சிடுச்சு. அழுதுடுங்கம்மா, அழுதா லேசாகும்."

முன்வரிசையில் இரண்டு பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். முலாம்காரனின் மனைவி போய் மூன்றாவது திரையை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

மொட்டைத் தலையும் உடைந்த மூக்குமாக, கையில் குடையோடு, அந்த அம்மா கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். சிரிப்பு முன்வரிசைக்கு வந்து சேர்வதற்குள் தண்ணி டாக்டர் சுதாரித்துக்கொண்டார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

"பிளாஸ்டிக்கே ஒரு நஞ்சுதானே," என்றார். "அதிலிருந்தே இவ்வளவு எடுத்திருக்குன்னா, மெஷினோட சக்தியைப் பாருங்க."

நம்புங்கள், ஐந்தாறு தலைகள் ஆடின. ஒருவர் பக்கத்து ஆளிடம், "வீட்ல பிளாஸ்டிக் குடத்தையெல்லாம் கொண்டாந்து வெக்கலாமா?" என்று கேட்கவும் செய்தார்.

முலாம்காரன் எழுந்து வந்து பொம்மையைத் தூக்கி ஓரமாக வைத்தான். தொட்டியைக் கழுவி வேறு தண்ணீர் பிடித்தான். இரண்டு கரண்டி உப்பு. சுருளை இறக்கினான். காலும் இல்லை, பிளாஸ்டிக் காலும் இல்லை. சுவிட்சைத் தட்டிவிட்டு விலகி நின்றான்.

"நிறுத்துங்க," என்று தண்ணி டாக்டர் குரலை உயர்த்தினார். "இவரு யாருன்னு தெரியுமா உங்களுக்கு? மனநோயாளி. ரெண்டு வருஷமா மாத்திரை. பெட்டி பேசுதுன்னு சொன்ன ஆளு."

கூடம் முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. எந்த வெட்கத்துக்குப் பயந்து இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு அங்கே வந்தார்களோ, அந்த வெட்கத்தை எடுத்து அவன் தலையில் கொட்டினார் அந்தக் கனிவான மனிதர்.

"ஆமாங்க," என்றான் முலாம்காரன். காது சிவந்திருந்தது. "காலையிலகூட மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன். என்னை நம்ப வேணாம். தொட்டியைப் பாருங்க."

பார்த்தார்கள். அந்த மாடியில் முதல்முறையாக எல்லோரும் தண்ணி டாக்டரைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் மஞ்சள். இருபது நிமிடத்தில் பழுப்பு. அரை மணியில், கல்லீரல் இல்லாத, மூளை இல்லாத, யாருமே இல்லாத அந்தத் தொட்டியில் ஆறு வருட நஞ்சு மிதந்தது, பச்சை உட்பட.

கிளார்க்கம்மாவின் கணவன் தொட்டி கலங்கும்வரை காத்திருக்கவில்லை. மஞ்சளைப் பார்த்தவுடனேயே படியிறங்கி ஓடினான். அன்று மதியமே அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பழைய நிலைக்கு வர அவளுக்கு நான்கு மாதம் பிடித்தது. பள்ளிக்கூட வேலை அதற்குள் வேறு ஒருவருக்குப் போய்விட்டது. இதைச் சொல்லும்போது எனக்குக் கேலி வரவில்லை, கோபம்தான் வருகிறது.

தண்ணி டாக்டர் உள்ளே போய்த் தியானம் செய்துவிட்டு வருவதாகச் சொன்னார். அந்த அறைக்குப் பின்பக்கப் படிக்கட்டு உண்டு. தியானம் கைகூடிவிட்டது போலும், ஆளைக் காணவில்லை. மச்சினி கோட்டைக் கழற்றிப் பொம்மைக்குப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். சிலர் சுவரிலிருந்த தங்கள் போட்டோவைக் கழற்றிக்கொண்டு போனார்கள். சிலர் கடைசிவரை, மெஷின் கெட்டுப்போயிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் முலாம்காரனும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "எடையா? நடங்க," என்று ஆரம்பித்த டாக்டரின் முன்னால் அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ரெண்டு நிமிஷம் ஆகிடுச்சு, தெரியும். நான் எழுந்திரிக்க மாட்டேன். நீங்க கேக்கலேன்னா நாங்க எங்க போவோம்னு நேத்து பாத்துட்டு வந்திருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கூடவே வேறொன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மாற்றினார்கள். புதியது அவ்வளவு பசிக்கவிடவில்லை. ஆனால் மூன்று வாரம் கால் ஓரிடத்தில் நிற்காமல் குறுகுறுத்தது. போய்ச் சொன்னார்கள், அளவைச் சரிசெய்தார்கள். மந்திரம் எதுவும் இல்லை. சொல்வது, கேட்பது, அளப்பது, மாற்றுவது. எட்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கியது. முதலாளி அவனை மறுபடி தொட்டிப் பக்கம் விட்டார்.

அடுத்த தெருவில் இப்போது ஒரு புதிய நிலையம் திறந்திருக்கிறார்களாம். காதில் காகிதக் குழல் வைத்துக் கொளுத்தினால் மூளைப் புகை வெளியே வருமாம். ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டில் இடமில்லையாம். நிற்பவர்களில் பாதிப் பேர் இந்த மாடியில் நின்ற அதே ஆட்கள்தானாம். சந்தேகம் அளவுக்கு மீறிப்போன ஒருவனுக்கு மாத்திரை இருந்தது, அவன் பிழைத்துக்கொண்டான். சந்தேகமே வராத இத்தனை பேருக்கு, ஐயா, எந்தக் கடையில் மாத்திரை விற்கிறது?